ஹெட்போன் வாங்கி ஏமாந்தது போல இருக்கிறதா? திருப்பி அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

#1 | கீழ்சுருதி

"விமர்சனத்தில் ஆகா ஓகோ என்றார்கள், காதில் போட்டால் தகர டப்பா" என்ற பதிவுகள் இங்கே தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஒரே இழையில் போடலாம் என்று தொடங்குகிறேன். கேள்வி கேட்பவர்கள் மூன்று விவரம் கட்டாயம் எழுதுங்கள்: எந்த வகை (மூடிய கப், திறந்த கப், காதுத் துளைக்குள் செருகும் இன்-இயர்), எதில் செருகிக் கேட்கிறீர்கள், எந்த ஒலியில் குறை. "சவுண்ட் நல்லா இல்ல" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

முதலில் சீல், அதாவது காற்றுக் கசியாமல் ஹெட்போன் காதோடு அடைவது. மூடிய கப் ஹெட்போனில் பேஸ் (தாழ்ந்த ஒலி) வரவில்லை என்ற புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 100 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 100 அதிர்வு) கீழே டிரைவர், அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி, செய்யும் வேலை சைக்கிள் பம்பு செய்வது போல. கப்புக்கும் காதுக்கும் நடுவே அடைபட்ட காற்றை அழுத்தி விடுகிறது, அவ்வளவுதான். அந்த அறையில் ஒரு பொத்தல் விழுந்தால் அழுத்தம் வெளியே போய்விடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் இடைவெளி ஒன்றே 50 ஹெர்ட்ஸ் பக்கம் பல டெசிபலைத் தின்றுவிடும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். 40 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைச் சின்ன வால்யூமில் ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கப்பை மெல்ல அழுத்துங்கள். டோன் சட்டென்று பெருத்தால் உங்கள் ஹெட்போனுக்குப் பேஸ் இருக்கிறது, அது ஓடிப் போகிறது என்று அர்த்தம். மாறவே இல்லை என்றால் சீல் சரி, குறை வேறு இடத்தில்.

ஓட்டை பெரும்பாலும் இருக்கும் இடம் காதுமடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம். தலைப்பட்டையை இரு பக்கமும் ஒரு கிளிக் இறக்கி, கப்பை லேசாகப் பின்னோக்கித் திருப்பினாலே பலருக்கு அடைந்துவிடும். அடுத்த சந்தேகம் கண்ணாடிக் காம்பு, அதற்கடுத்து காதின் முன்பக்க முடி. முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி டோனைக் கேளுங்கள்.

#2 | புதுக்காது

நல்ல இழை அண்ணே. இன்-இயர் பத்தி ஒரு கேள்வி. மூணு டிப் சைஸ் குடுத்திருக்காங்க, மீடியம் தான் மாட்டியிருக்கு. போன்ல நேரா செருகித்தான் கேக்கறேன். மிருதங்கத்துல வலந்தலை சத்தம் கணீர்னு கேக்குது, தொப்பி பக்கம் சுத்தமா காணோம். 200 மணி நேரம் ஓடவிட்டா டிரைவர் "பழகி" சரியாயிடும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அப்படி ஓடவிடலாமா?

#3 | பஞ்சுமுனை

வேண்டாம் புதுக்காது. 200 மணி நேரம் ஓட்டி முடிப்பதற்குள் திருப்பி அனுப்பும் கெடுவே முடிந்துவிடும். ஓடவிடுவதால் டிரைவரில் நிகழும் மாற்றம் என்று அளந்து காட்டப்படுவது மிகச் சிறியது. ஹெட்போனை ஒருமுறை கழற்றி மறுபடி மாட்டினால் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரிது. உண்மையில் பழகுவது இரண்டு: இயர்பேட் பஞ்சு கொஞ்சம் அமுங்கும், நம் மூளை புதுச் சத்தத்துக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டாவதற்கு மூன்று நான்கு நாள் போதும். அந்த நாள்களில் பழைய ஹெட்போனை மாற்றி மாற்றிப் போடாமல் இதையே கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் குறை அப்படியே சீல் கோளாறு. இன்-இயரில் சீல் இல்லாவிட்டால் பேஸ் குறைவதோடு நிற்காது, ஏறக்குறைய மறைந்தே போகும். மாட்டும் முறை இது:

வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போது காதுத் துளை நேராகும். வாயை லேசாகத் திறந்து, இன்-இயரை உள்ளே வைத்துச் சற்றே திருகி நிறுத்துங்கள். பிறகு மடலை விடுங்கள். இப்போது "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சொந்தக் குரல் தலைக்குள் முழங்கினால் அடைந்திருக்கிறது. வெளியே பேசுவது போலவே கேட்டால் அடையவில்லை.

மீடியத்தில் அடையாவிட்டால் லார்ஜ் போடுங்கள். சிறியது போட்டால் ஆழமாகப் போய் அடையும் காதுகளும் உண்டு, அதையும் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். வலதுக்கு ஒன்று, இடதுக்கு வேறொன்று தேவைப்படுவது மிகச் சாதாரணம். எந்தச் சிலிகான் டிப்பும் ஒத்துவராவிட்டால் ஃபோம் டிப். விரலில் உருட்டிச் சுருக்கி, உள்ளே வைத்து 20 முதல் 30 விநாடி பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபோம் ட்ரெபிளை (உயர்ந்த ஒலி) கொஞ்சம் மட்டுப்படுத்தும், இரண்டு மூன்று மாதத்தில் விறைத்துவிடும், மாற்ற வேண்டும்.

இன்னொன்று: மாட்டும்போது "கிரக்" என்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். அடைபட்ட காற்று டிரைவரின் சவ்வை மடக்குகிறது. மெதுவாக மாட்டினால் குறையும். மாட்டிய பிறகு ஒரு பக்கம் மட்டும் சத்தம் மங்கிவிட்டால் சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேசாக வெளியே இழுத்து மறுபடி வைத்தால் சரியாகும்.

#4 | ஓம்விதி

சீலுக்கு அடுத்து நான் பார்ப்பது ஆற்றல். கோளாறு பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஒரு எண்ணைத் தவறாகப் படிப்பதில் தொடங்குகிறது.

சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) "100 டெசிபல்" என்று இரண்டு ஹெட்போனிலும் போட்டிருக்கும். ஒன்றில் அது 1 மில்லிவாட்டுக்கு, இன்னொன்றில் 1 வோல்ட்டுக்கு. இவை ஒன்றல்ல. 32 ஓம் (மின்தடையின் அளவு) ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் அது 31 மில்லிவாட். அதாவது 15 டெசிபல் வித்தியாசம். 300 ஓமில் அதே 1 வோல்ட் வெறும் 3.3 மில்லிவாட், 5 டெசிபல் தான் வித்தியாசம். எனவே 32 ஓமில் "100 டெசிபல், 1 வோல்ட்" என்று போட்டிருந்தால் மில்லிவாட் கணக்கில் அது 85. பசி அதிகமுள்ள ஹெட்போன் அது. வாங்கும் முன் இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பாருங்கள்.

இப்போது கணக்கு. பாட்டின் உச்சத் தட்டு 110 டெசிபலைத் தொட இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (சராசரி இதைவிட வெகு கீழே இருக்கும்).

300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல்: 13 டெசிபல் கூடுதல் தேவை, 20 மில்லிவாட். வோல்ட்டேஜ் 2.45. கரண்ட் 8 மில்லி ஆம்பியர்.

47 ஓம் பிளானார் (தட்டையான சவ்வு உள்ள டிரைவர் வகை), மில்லிவாட்டுக்கு 90 டெசிபல்: 20 டெசிபல் கூடுதல், 100 மில்லிவாட். வோல்ட்டேஜ் 2.17. கரண்ட் 46 மில்லி ஆம்பியர்.

வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒன்று, கரண்ட் ஐந்து மடங்குக்கு மேல். "ஓம் குறைவு, போனிலேயே ஓடும்" என்று நம்பிப் பிளானார் வாங்கியவர்கள் கவலைப்படுவது இதனால்தான். போனில் செருகி ஹெட்போனை மாட்டும் விரல் நீள யூ.எஸ்.பி. டாங்கிள் பலவும் 1 வோல்ட் வரைதான் தரும். அதில் மேலே சொன்ன 300 ஓம் ஹெட்போன் 102 டெசிபல் உச்சத்தோடு நின்றுவிடும். அமைதியான அறையில் பலருக்கு அதுவே போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மெல்லப் பதிவான பழைய ஒலிப்பதிவுகளில்தான் வால்யூம் பற்றாது. அரை வோல்ட் தரும் டாங்கிள் என்றால் இன்னும் 6 டெசிபல் போச்சு.

#5 | சாலிடர்_கை

ஓம்விதி சொன்ன கணக்கு சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஆம்ப் (ஹெட்போனுக்குக் கூடுதல் ஆற்றல் தரும் பெருக்கி) வாங்க ஓடப் போகிறார்கள், அதுவே அடுத்த ஏமாற்றம். ஆம்ப் வேண்டுமா என்று தெரிந்துகொள்ள வழி எளிது. உங்களிடம் இருப்பதிலேயே மெல்லப் பதிவான பாட்டைப் போடுங்கள். வால்யூம் முக்கால் பங்கிலேயே "இதற்கு மேல் வேண்டாம்" என்று தோன்றி, கரகரப்பும் இல்லை என்றால் ஆம்ப் வாங்கினாலும் ஹெட்போனின் குரல் (ஒலியின் தன்மை) மாறாது. மங்கலான ஹெட்போன் சத்தம் கூடிய மங்கலான ஹெட்போனாக ஆகும்.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு: அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது மூலத்துக்குள்ளேயே (போன், லேப்டாப் போல ஒலி தரும் கருவி) இருக்கும் மின்தடை. பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (குட்டி டிரைவர் வகை) உள்ள இன்-இயர்களில் இம்பீடன்ஸ் ஒரே நேர்கோடாக இருக்காது. பேஸில் 32 ஓம், 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 6 ஓம் என்று இறங்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ஓம் அவுட்புட் உள்ள பழைய லேப்டாப் ஜாக்கில் செருகினால் பேஸில் இழப்பு 2.4 டெசிபல், 5 கிலோஹெர்ட்ஸில் 8.5 டெசிபல். இந்த ஆறு டெசிபல் வித்தியாசத்தில் பாடுபவர் குரலின் தெளிவு போய்விடும். அதே இன்-இயரை அரை ஓம் டாங்கிளில் போட்டால் வித்தியாசம் அரை டெசிபல்தான். "விமர்சனத்தில் பளிச்சென்று இருக்கிறது என்றார்கள், எனக்குப் போர்வை போர்த்தியது போல இருக்கிறது" என்பவர்கள் முதலில் வேறு மூலத்தில் செருகிப் பாருங்கள். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மூலத்தின் அவுட்புட் இம்பீடன்ஸ் போகக் கூடாது என்ற பழைய விதி இன்றும் பயன்படும். பிளானாரில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காதுக்கு அது "நல்ல" ஹெட்போனாகத் தெரியும். சத்தம் கூடுதல் என்று தெரியாது, தரம் கூடுதல் என்றுதான் தெரியும். கடையில் கேட்டபோது பிடித்தது வீட்டில் பிடிக்காமல் போவதற்கு இதுவும் காரணம்.

#6 | நாள்முழுக்க_மீட்டிங்

ப்ளூடூத் ஹெட்போன், விண்டோஸ் லேப்டாப். பாட்டு அருமையா இருக்கு. மீட்டிங்ல சேர்ந்த உடனே எல்லாம் பழைய டெலிபோன் மாதிரி ஆயிடுது. மைக்கும் மத்தவங்களுக்குக் கேணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்காம். பீஸ் கோளாறா?

#7 | அலைநீளம்

பீஸில் கோளாறு இல்லை. பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஒருவழிப் பாதையில் ஸ்டீரியோவாக ஓடுகிறது. மைக் திறந்தவுடன் இருவழிப் பாதைக்கு, ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறிவிடும். அது மோனோ. பழைய கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்றால் நொடிக்கு 8,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), கொஞ்சம் புதிதென்றால் 16,000. முதலாவதில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே இல்லை, ச, ஸ, ஷ மூன்றும் ஒரே எழுத்தாகக் கேட்கும்.

தீர்வு: மீட்டிங் செயலியின் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்போனையும் ("ஸ்டீரியோ" என்று தனியாகக் காட்டினால் அதையே), மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்வு செய்யுங்கள். விண்டோஸின் இன்புட்டிலும் அதே மைக்கை வையுங்கள். ஹெட்போன் மைக் திறக்கப்படாதவரை ஸ்டீரியோ நிலைக்கும். லேப்டாப் மைக் சுமார் என்றால் சிறிய யூ.எஸ்.பி. மைக் ஒன்று போதும். கணினியும் ஹெட்போனும் இரண்டுமே எல்.இ. ஆடியோவை (ப்ளூடூத்தின் புதிய ஒலி முறை) முழுதாக ஆதரித்தால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும், ஒரு பக்கம் மட்டும் இருந்து பயனில்லை.

ப்ளூடூத்தில் மனம் கசக்க வைக்கும் மற்றவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

எல்டாக் என்ற உயர்தர கோடெக் இருக்கிறது என்று கூடுதல் விலை கொடுத்து ஐபோனோடு இணைப்பவர்கள்: ஐபோன் எல்டாக் அனுப்பாது, ஏ.ஏ.சி. அல்லது எஸ்.பி.சி. என்ற கோடெக்குகள் மட்டுமே. ஆண்ட்ராய்டிலும் எல்டாக்கில் நொடிக்கு 990, 660, 330 கிலோபிட் என்று மூன்று படி. நெரிசலில் தானாக 330க்கு இறங்கினால் எஸ்.பி.சி.யின் 328க்கு அருகில்தான் நிற்கிறீர்கள். இரண்டு கருவிகளோடு ஒரே நேரம் இணையும் வசதியை இயக்கினால் எல்டாக்கை அணைத்துவிடும் மாடல்களும் உண்டு. வாங்கும் முன் கையேட்டில் இந்த இரண்டு வரியைத் தேடுங்கள்.

கேம் விளையாடுவோர்: எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. வழியாக 150 முதல் 300 மில்லிவிநாடி தாமதம் சாதாரணம். வீடியோ செயலிகள் படத்தைப் பின்தள்ளி ஈடுகட்டிவிடும். கேமில் அது முடியாது, துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும். கம்பி அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் உள்ளதுதான் வழி.

இரைச்சல் நீக்கம்: விமானம், பேருந்து, மின்விசிறி போன்ற நிலையான தாழ்ந்த ஒலிகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஏறக்குறைய 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எலக்ட்ரானிக்ஸ் கைவிட்டு, இயர்பேடின் தடிமன்தான் தடுக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சையும் கீபோர்டு சத்தத்தையும் அழிக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். மின்விசிறி இரைச்சல் அடங்கியவுடன் பேச்சு முன்னைவிடத் துலக்கமாகவே கேட்கும். சீல் விட்டால் இரைச்சல் நீக்கமும் விட்டுப்போகும், எனவே #1 இதற்கும் பொருந்தும்.

கம்பியில் செருகினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதும் தவறான எதிர்பார்ப்பு. வயர்லெஸ் ஹெட்போனின் குரலைச் செதுக்குவது உள்ளே இருக்கும் சிப். பவரை அணைத்து 3.5 மி.மீ. கம்பியில் கேட்டால் அந்தச் செதுக்கல் இல்லாத பச்சை டிரைவர்தான் பாடும். பல மாடல்களில் அது மங்கலாகவே இருக்கும்.

#8 | பஞ்சுமுனை

அலைநீளம் சொன்னதோடு ஒன்று: இரைச்சலான இடத்தில் சீல் சரியில்லாமல் வால்யூமைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 ஆனால் வாரம் 4 மணி நேரம்தான். 10 டெசிபலுக்குப் பத்தில் ஒரு பங்கு.

#9 | தந்திமீட்டி

என் பிரச்சினை நேர் எதிர். திறந்த கப், 250 ஓம், ஆம்ப் உண்டு, சீல் சோதனையும் பாஸ். பெண் குரலில் "ச", "ஸ" வரும்போதெல்லாம் ஊசி குத்துவது போல இருக்கிறது. விற்றுவிடலாமா, ஈக்யூவில் (ஈக்வலைசர்: ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) சரியாகுமா?

#10 | வளைகோடு

விற்காதீர்கள். இது ஈக்யூவில் நன்றாகத் தீரும் வகை. 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு மேடு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தட்ட வேண்டும்.

விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. நிறுவுங்கள். நிறுவும்போதே எந்தக் கருவிக்கு என்று கேட்கும், உங்கள் டாக்கை (டிஜிட்டலை ஒலி மின்சாரமாக மாற்றும் கருவி) மட்டும் டிக் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், லினக்ஸில் ஈசி எஃபெக்ட்ஸ்.

மேட்டைத் தேடுவது இப்படி. டோன் ஜெனரேட்டரில் 5 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 10 வரை மிக மெதுவாக ஏற்றுங்கள். வால்யூம் பேச்சு சத்தத்தை விடக் குறைவாகவே இருக்கட்டும், இந்தப் பட்டையில் காது எளிதில் களைக்கும். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று முன்னுக்கு வந்து உறுத்தும். முன்னும் பின்னும் போய் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 8,000 என்று வைத்துக்கொள்வோம். பீக் ஃபில்டர் (ஓரிடத்தைச் சுற்றி மட்டும் கூட்டும், குறைக்கும்) ஒன்று சேர்த்து அதிர்வெண் 8,000, கெயின் (கூட்டும் அல்லது குறைக்கும் டெசிபல்) மைனஸ் 4, கியூ (எண் கூடினால் தட்டும் அகலம் குறையும்) 4 என்று போடுங்கள். ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். இன்னும் குத்தினால் மைனஸ் 6. சிம்பல் ஒலி அட்டையைத் தட்டுவது போல ஆகிவிட்டால் அதிகம், மைனஸ் 3க்குத் திரும்புங்கள். ஹெட்போனைக் காதில் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி மேடு இடம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் அது காதின் மடிப்புகளோடு சேர்ந்து உண்டாவது, கியூவை 2க்கு இறக்கி அகலமாகத் தட்டுங்கள்.

பேஸ் கொஞ்சம் வேண்டும் என்றால் லோ ஷெல்ஃப் (குறித்த இடத்துக்குக் கீழே முழுவதையும் கூட்டும் ஃபில்டர்), 105 ஹெர்ட்ஸ், பிளஸ் 4, கியூ 0.7. கூட்டிய அளவுக்குக் குறையாமல் ப்ரீஆம்பை (ஈக்யூவில் மொத்தச் சத்த அளவு) இறக்க மறக்காதீர்கள். பிளஸ் 4 கூட்டினால் ப்ரீஆம்ப் மைனஸ் 4 அல்லது அதற்கும் கீழே. இதைச் செய்யாமல் "ஈக்யூ போட்டால் கரகரக்கிறது" என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். கரகரப்பு, டிஜிட்டல் ஒலி அதன் உச்ச வரம்பில் தலை இடிப்பதால் வருவது.

இணையத்தில் மாடல் பெயருக்குக் கிடைக்கும் தயார் ப்ரீசெட்களை அப்படியே போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே செயற்கைக் காதின் அளவீடு உங்கள் காதுக்குப் பொருந்தும் என்ற உறுதி கிடையாது. கீழ்ப்பகுதியை எடுத்துக்கொண்டு மேல்பகுதியைச் சொந்தக் காதால் சரிசெய்யுங்கள்.

ஈக்யூவால் ஆகாதவை: சீல் ஒழுக்கு (நிரப்ப நிரப்ப ஓடும்), அதிக வால்யூமில் டிரைவர் பிசிறுவது, மேடை அகலம் (ஒலி எவ்வளவு பரந்து கேட்கிறது என்பது), ஹெட்போனின் கனம்.

#11 | கீழ்சுருதி

வளைகோடு சொன்னதை வலுவாக வழிமொழிகிறேன். விலைக்கும் குரலுக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கைதான் மனக்கசப்பைப் பெரிதாக்குகிறது. யெரூன் பிரேபார்ட் 2017இல் 283 ஹெட்போன்களின் அளவீட்டை விலையோடு வைத்துப் பார்த்து, அதிர்வெண் வளைவுக்கும் (எந்த ஒலி எவ்வளவு உரக்க வரும் என்று காட்டும் கோடு) விலைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவ் குழு செய்த கேட்புச் சோதனைகளில் பெரும்பாலோர் ஒரே மாதிரி வளைவையே விரும்பினார்கள், ஒரு பகுதியினர் அதைவிடக் கூடுதல் பேஸும் இன்னொரு பகுதியினர் குறைவான பேஸும் கேட்டார்கள். நீங்கள் எந்தக் கூட்டம் என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் இல்லை. இருப்பதிலேயே மேலே சொன்ன லோ ஷெல்ஃபை ஏற்றி இறக்கிப் பாருங்கள், விடை கிடைக்கும்.

#12 | நெற்றிப்பட்டை

எல்லோரும் குரலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஹெட்போனை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பத் தொடாமல் இருக்க வைப்பது வலிதான். குரல் சுமாராக இருந்தாலும் சுகமாக இருப்பதை மக்கள் நாலு மணி நேரம் போடுகிறார்கள். அதனால் என் வரிசையில் சுகம் முதல், சீல் பிறகு.

வலி எங்கே என்று பார்த்துத்தான் மருந்து.

உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலித்தால் எடை ஓரிடத்தில் இறங்குகிறது. 250 கிராம் ஹெட்போனில் இது அரிது, 400 கிராமைத் தாண்டினால் அடிக்கடி. தலைக்கு நேராக மாட்டாமல் அரை அங்குலம் முன்னே தள்ளிப் பாருங்கள். பிறகு தலைப்பட்டையின் கீழ் ஒட்டும் மெத்தை, அல்லது அந்த மாடலுக்குத் தொங்கு பட்டை கிடைத்தால் அது.

காதுமடலின் விளிம்பு வலித்தால் காது உள்ளே இருக்கும் டிரைவர் துணியைத் தொடுகிறது. விரலை உள்ளே விட்டுத் தொட்டே தெரிந்துகொள்ளலாம். கூடுதல் ஆழமுள்ள பேட் வேண்டும். காதுமடல் துருத்திக்கொண்டிருப்பவர்களுக்கு உள் ஆழம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

தாடை, பொட்டு வலித்தால் பிடி இறுக்கம். உலோகப் பட்டை உள்ளவற்றைத் தலையை விட ஒரு விரல் அகலம் கூடுதலான பெட்டியில் மாட்டி இரவு முழுக்க வையுங்கள். காலையில் போட்டுப் பார்த்து, போதாவிட்டால் இன்னோர் இரவு. முழுதும் பிளாஸ்டிக் பட்டை என்றால் இதைச் செய்யவே செய்யாதீர்கள், வளையாது, விரிசல் விடும். மடிப்பு மூட்டு உள்ளவற்றில் அந்த மூட்டில்தான் முதலில் விடும்.

#13 | கீழ்சுருதி

> என் வரிசையில் சுகம் முதல், சீல் பிறகு

இங்கே மட்டும் மறுக்கிறேன் நெற்றிப்பட்டை. பிடியைத் தளர்த்தினால் சீலும் தளரும். முதலில் 40 ஹெர்ட்ஸ் சோதனை செய்து எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தளர்த்துங்கள். வளைத்த ஹெட்போனைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

#14 | நெற்றிப்பட்டை

அது நியாயம். வளைப்பது கெடு முடிந்த பிறகு என்று திருத்திக்கொள்கிறேன். கெடுவுக்குள் செய்யக்கூடியது தொடர்ந்து இரண்டு மணி நேரம் போட்டுப் பார்ப்பது. பத்து நிமிடத்தில் எந்த வலியும் தெரியாது.

பேட் மாற்றுவோர் கவனிக்க: அது சுகத்தோடு நிற்காது, குரலையும் மாற்றும். டிரைவருக்கும் காதுக்கும் இடைவெளி கூடும், பேடின் உள்பக்கத் துணியும் மாறும். மூடிய கப்பில் தோல் பேடைக் கழற்றி வெல்வெட் பேட் போட்டால் வேர்க்காது, ஆனால் காற்று துணி வழியே கசிந்து பேஸ் இறங்கும். பழைய ஹெட்போன் திடீரென்று பிடிக்காமல் போனால் டிரைவரைப் பழிக்கும் முன் பேடைப் பாருங்கள். செயற்கைத் தோல் ஈரத்தில் உரிந்து, பஞ்சு அப்பளமாகிக் கிடக்கும்.

#15 | சாலிடர்_கை

உண்மையிலேயே பழுதான பீஸ் வந்திருக்கிறதா என்று பார்க்கும் வழியும் இருக்கட்டும். நான்கு சோதனை, கால் மணி நேரம்.

மோனோ பிங்க் நாய்ஸ் (இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் சோதனை இரைச்சல்) போடுங்கள். சத்தம் நெற்றி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் மாறினால் ஹெட்போன் அல்லது மூலம், மாறாமல் அதே காதில் நின்றால் உங்கள் காது அல்லது அந்தப் பக்கச் சீல். இன்-இயரில் ஒரு பக்கம் மங்கினால் டிப்பைக் கழற்றி வலையைப் பாருங்கள், பெரும்பாலும் காது அழுக்கு. வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும்.

20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (மெல்ல ஏறும் டோன்) ஓடவிடுங்கள். ஓரிடத்தில் "ஜ்ர்ர்" என்று அதிர்ந்தால் டிரைவர் கிழிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஒற்றைத் தலைமுடி துணியைத் தாண்டிச் சவ்வைத் தொட்டாலும் இதே சத்தம். பேடைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், சாமணத்தால் எடுக்கலாம். வாயால் ஊதாதீர்கள், காற்று டப்பாவும் வேண்டாம்.

பாடகர் குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் கரைந்து, பேஸும் மெலிந்தால் ஒரு பக்கம் தலைகீழாக இணைந்திருக்கிறது. கழற்றும் கேபிள் உள்ள இரு-ஊசி இன்-இயரில் ஒரு பக்கச் செருகியைத் திருப்பிச் செருகினால் தீர்ந்தது.

கடைசியாக, ஜாக் அருகிலும் ஒய் பிரிவிலும் (கேபிள் இரண்டாகப் பிரியும் இடம்) கேபிளை மெல்ல அசையுங்கள். விட்டு விட்டு வந்தால் கம்பி முறிவு.

இவற்றில் ஒன்றாவது தேறினால் "சவுண்ட் பிடிக்கவில்லை" என்று எழுதாமல் "இடது பக்கம் 60 ஹெர்ட்ஸில் அதிர்வு" என்று எழுதித் திருப்புங்கள். மாற்று பீஸ் கிடைப்பது சுலபமாகும். இன்-இயரைச் சுகாதாரக் காரணம் காட்டித் திரும்ப எடுக்காத விற்பனையாளர்கள் உண்டு, உறையைப் பிரிக்கும் முன்பே விதியைப் படித்துவிடுங்கள்.

#16 | தந்திமீட்டி

மேடு 7,400இல் இருந்தது. மைனஸ் 4, கியூ 4 போட்டதும் குத்தல் போய்விட்டது. ஆனால் வயலினின் காற்றோட்டமும் கொஞ்சம் போனது போல இருக்கிறது.

#17 | வளைகோடு

கியூவை 6க்கு ஏற்றுங்கள், தட்டும் அகலம் குறையும். போதாவிட்டால் 11,000இல் ஹை ஷெல்ஃப் பிளஸ் 1.5 சேர்த்து, ப்ரீஆம்பை அதற்கேற்ப இன்னும் 1.5 இறக்குங்கள்.

#18 | புதுக்காது

பஞ்சுமுனை அண்ணே, வலதுக்கு மீடியம், இடதுக்கு லார்ஜ். "ம்ம்ம்"னா தலைக்குள்ள முழங்குது, தொப்பி சத்தமும் வந்துடுச்சு. ஆனா நடக்கும்போது காலடி ஒவ்வொண்ணும் காதுக்குள்ள "தொம் தொம்"னு இடிக்குது. லார்ஜ் போட்டது தப்பா?

#19 | பஞ்சுமுனை

தப்பில்லை, சீல் நன்றாக அடைந்ததற்கு அடையாளம். உடம்பின் அதிர்வு வெளியேற வழியில்லாமல் துளைக்குள் நிற்கிறது. கேபிளைக் காதுக்கு மேலே சுற்றிப் போட்டு, கழுத்துக்குப் பின்னால் விட்டால் கேபிள் உரசும் சத்தம் போகும். காலடிச் சத்தம் முழுதாகப் போகாது. நடக்கும்போது மட்டும் இடதுக்கும் மீடியம் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து கேட்கும்போது லார்ஜ் மாட்டுங்கள்.